இரண்டு டெல்டா

"நான் டெல்டாக்காரி" என்றார் அந்த அம்மையார்.

2008 ஜனவரி. சிகாகோவின் தெற்குப் பகுதியில் ஒரு டயாலிசிஸ் மையம். நர்ஸாக நான் அங்கே சேர்ந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. அவருடைய இடது கையில், டயாலிசிஸ் ஊசிக்காக ரத்தக்குழாய்களை இணைத்து வைத்திருக்கும் ஃபிஸ்டுலாவின் மேல் விரல் வைத்து ரத்தம் ஓடும் அதிர்வைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல ஃபிஸ்டுலா என்றால் விரலடியில் பூனை உறுமுவதுபோல் இருக்கும். ஊசி குத்துமுன் பேச்சுக் கொடுப்பதற்காக "சொந்த ஊர் எது?" என்று கேட்டேன். அதற்குத்தான் அந்தப் பதில்.

"நானும் டெல்டாதான்" என்று சொல்லிவிட்டேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு. அவருடையது மிசிசிப்பி டெல்டா, கிரீன்வுட் பக்கம். என்னுடையது காவிரி டெல்டா, திருத்துறைப்பூண்டி பக்கம். அங்கே பருத்தி, இங்கே நெல். ஆற்று வண்டல், கொசு, கோடை வெயில் என்று பேசிக்கொண்டே போனோம். நடுவில் அவர் கேட்டார்: "உங்கள் டெல்டாவில் நிலம் யாருடையது?"

"எங்களுக்கும் கொஞ்சம் இருந்தது" என்றேன்.

"ஓ" என்று கண்ணை மூடிக்கொண்டார். மிஷின் ஓடத் தொடங்கியதும் வரும் அசதி என்று நினைத்துக்கொண்டேன். அந்த "ஓ"வின் பொருள் புரிய எனக்கு மூன்று வருடமும் ஒரு புத்தகமும் தேவைப்பட்டன.

அவருக்குத் திங்கள், புதன், வெள்ளி. ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம். அடுத்த புதன்கிழமை சீட்டில் இருந்த முதல் பெயரைச் சொல்லி "குட் மார்னிங்" என்றேன். மையத்தில் எல்லாரும் எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவர் என்னைப் பக்கத்தில் அழைத்தார். "நீ இந்தியாவிலிருந்து வந்தவள். பெரியவர்களை எப்படிக் கூப்பிடுவது என்று உனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன். மிஸஸ் போட்டு என் வீட்டுக்காரர் குடும்பப் பெயரைச் சொல்."

பிறகு காரணத்தையும் சொன்னார். அவருடைய அம்மா கிரீன்வுட்டில் ஒரு வெள்ளைக்காரர் வீட்டில் சமையல் வேலை செய்தவர். அந்த வீட்டின் ஆறு வயதுப் பெண் அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிடும். அம்மா அந்தக் குழந்தையை "மிஸ்" போட்டு அழைக்க வேண்டும். அம்மா இறக்கும்வரை எந்த வெள்ளைக்காரர் வாயிலிருந்தும் "மிஸஸ்" என்ற சொல் அவருக்காக வந்ததில்லை. "நான் சிகாகோ வந்ததே அந்த ஒரு சொல்லுக்காகத்தான், பேபி" என்றார்.

அன்று முதல் நான் அவரை மிஸஸ் போட்டுத்தான் கூப்பிட்டேன். அவர் என்னைக் கடைசிவரை "பேபி" என்றார். அவர் பெயர் அவர் குடும்பத்துக்குச் சொந்தம் என்பதால் இங்கே அம்மையார் என்றே எழுதுகிறேன்.

2011 இளவேனிலில் அவர் மகள் ஒரு தடித்த புத்தகத்தோடு வந்தார். அறுநூறு பக்கத்துக்கு மேல் இருக்கும். இசபெல் வில்கர்சன் எழுதிய 'தி வார்ம்த் ஆஃப் அதர் சன்ஸ்'. வேறு சூரியன்களின் கதகதப்பு என்று பொருள் கொள்ளலாம். மிசிசிப்பியில் பிறந்து சிகாகோ வந்த எழுத்தாளர் ரிச்சர்ட் ரைட்டின் வரிகளிலிருந்து எடுத்த தலைப்பு. அம்மையாருக்குக் கண் மங்கிவிட்டதால் மகள் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டுவார். ரத்த அழுத்தம் பார்க்கப் போகும்போதெல்லாம் எனக்கும் நாலு வரி காதில் விழும். இரண்டு வாரத்தில் நானும் ஒரு பிரதி வாங்கிவிட்டேன்.

1915-லிருந்து 1970 வரை சுமார் 60 லட்சம் கறுப்பின மக்கள் அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களை விட்டு வடக்குக்கும் மேற்குக்கும் போனார்கள். தொடக்கத்தில் பத்தில் ஒன்பது பேர் தெற்கில் இருந்தார்கள். முடிவில் ஏறக்குறையப் பாதிப் பேர் வெளியே இருந்தார்கள். தலைவர் யாரும் கூப்பிடவில்லை, மாநாடு போட்டுத் தீர்மானம் நிறைவேற்றவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் ஓர் இரவு அடுப்படியில் உட்கார்ந்து அவரவர் எடுத்த முடிவு. வில்கர்சன் பதினைந்து வருடம் உழைத்து 1,200-க்கும் மேற்பட்டவர்களைச் சந்தித்துப் பேசினார். தேவாலயங்கள், முதியோர் கூடும் இடங்கள், ஊர்ச் சங்கங்கள் என்று தேடிப் போய்க் கேட்டார். அந்தத் தலைமுறை கண்முன்னே போய்க்கொண்டிருந்தது. கடைசியில் மூன்று பேரைத் தேர்ந்தெடுத்து அவர்கள் வாழ்க்கையைப் பின்னினார்.

வில்கர்சனே அப்படிக் கிளம்பியவர்களின் மகள். தாய் ஜார்ஜியாவிலிருந்தும் தந்தை வர்ஜீனியாவிலிருந்தும் வாஷிங்டன் வந்து சந்தித்தவர்கள். மகள் பத்திரிகையாளர் ஆனார். நியூயார்க் டைம்ஸின் சிகாகோ அலுவலகத் தலைவராக இருந்தபோது 1994-ல் புலிட்சர் பரிசு பெற்றார். இதழியலுக்காக அந்தப் பரிசை வாங்கிய முதல் கறுப்பினப் பெண் அவர். பரிசு பெற்ற கட்டுரைகளில் ஒன்று, இதே தெற்குச் சிகாகோவில் தம்பி தங்கைகளை வளர்த்த பத்து வயதுப் பையனைப் பற்றியது.

அவர் எழுதிய மூவரில் ஐடா மே கிளாட்னி மிசிசிப்பியின் பருத்திக் காட்டிலிருந்து 1937-ல் கிளம்பியவர். நாளுக்கு நூறு பவுண்டு பருத்தி எடுப்பது அங்கே கைகாரர்களின் அளவு. ஐடா மேக்கு அது ஒருநாளும் கைவந்ததில்லை. ஜார்ஜ் ஸ்டார்லிங் ஃப்ளோரிடாவின் ஆரஞ்சுத் தோட்டங்களில் பழம் பறித்தவர். கூலி உயர்வு கேட்டு ஆட்களைத் திரட்டினார். தோட்டக்காரர்கள் தன்னைக் கொல்லத் திட்டமிடுவதைக் கேள்விப்பட்டு 1945-ல் நியூயார்க் போனார். அங்கே ரயிலில் பயணிகளுக்கு உதவும் வேலை கிடைத்தது. தான் தப்பி வந்த அதே பாதையில் 35 வருடம் போய்வந்தார். 1964-ல் சிவில் உரிமைச் சட்டம் வந்த பிறகும் நடத்துநர்கள் கறுப்பினப் பயணிகளைத் தனிப் பெட்டிக்கு மாறச் சொல்வார்கள். மாற வேண்டாம், உட்கார்ந்தே இருக்கலாம் என்று ஸ்டார்லிங் அவர்கள் காதில் சொல்லிவிட்டுப் போவார்.

மூன்றாமவர் டாக்டர் ராபர்ட் ஃபாஸ்டர். ராணுவத்தில் கேப்டன், அறுவைச் சிகிச்சை நிபுணர். சொந்த ஊரான லூசியானாவின் மன்றோ மருத்துவமனையில் அவர் கத்தி பிடிக்க முடியாது. 1953-ல் தன் பியூக் காரில் தனியாகக் கலிஃபோர்னியா கிளம்பினார். அரிசோனாப் பாலைவனத்தில் ராத்திரி ஒவ்வொரு விடுதியாக ஏறி இறங்கினார். எங்கும் அறை இல்லை. தூக்கத்தோடு போராடிக்கொண்டு மலைப்பாதையில் வண்டி ஓட்டினார். அந்த இரவை எழுதுவதற்காக வில்கர்சன் தானும் ஒரு பியூக் காரை வாடகைக்கு எடுத்து, பெற்றோரை ஏற்றிக்கொண்டு அதே வழியில் போனார். தூங்காமல் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது அவர் எண்ணம். பெற்றோர் பயந்துபோய் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். அந்த இரவுகள் எப்படிப்பட்டவை என்பது அவர்களுக்குத் தெரியும்.

அந்தப் பக்கங்களை மகள் படித்தபோது அம்மையார் தன் பயணத்தைச் சொன்னார். 1946. இல்லினாய் சென்ட்ரல் ரயில். ஷூ வாங்கிய அட்டைப்பெட்டியில் வறுத்த கோழி, அவித்த முட்டை, ரொட்டி. வழியில் சாப்பாடு வாங்க முடியாது என்பதால் எல்லார் மடியிலும் அந்தப் பெட்டி இருக்குமாம். சிகாகோவில் பன்னிரண்டாம் தெரு நிலையத்தில் இறங்கி, அத்தை வருகிறாளா என்று கூட்டத்தில் தேடியிருக்கிறார். அந்த நிலையத்தை 1974-ல் இடித்துவிட்டார்கள். ஊரில் மாமா 'சிகாகோ டிஃபெண்டர்' பத்திரிகையைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் படித்துக் காட்டுவாராம். ரயில் பெட்டிகளில் வேலை பார்த்த கறுப்பினப் பணியாளர்கள் அதைத் தெற்கே ஒளித்துக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

வந்த இடம் சொர்க்கம் இல்லை. ஒரு வீட்டைத் துண்டு துண்டாகத் தடுத்து, ஒவ்வொரு துண்டிலும் ஒரு குடும்பம். ஒரு மாடிக்கு ஒரு கழிப்பறை. கறுப்பினத்தாருக்கு விற்கக்கூடாது என்று வீட்டுப் பத்திரத்திலேயே எழுதி வைத்த காலம் அது. அத்தகைய ஒப்பந்தங்களை நீதிமன்றம் அமல்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1948-ல்தான் சொன்னது. அதற்குப் பிறகும் அம்மையார் குடும்பம் குடிபோன தெருவில் வெள்ளைக்காரர்கள் ஒவ்வொரு வீடாகக் காலி செய்தார்கள். "ஆனால் வங்கியில் என்னை மிஸஸ் என்றார்கள்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் அவர் வாழ்நாள் முழுக்க இருந்தது.

அதுவரை 'குடிபெயர்ந்தவள்' என்றால் அது நான்தான் என்று நினைத்திருந்தேன். விசா, தேர்வு, இரண்டு பெட்டி, விமானம். அம்மையார் அந்த நாட்டின் பழைய குடிமகள், நான் புதிதாக வந்தவள் என்று ஒரு கணக்கு மனதில் இருந்தது. வில்கர்சன் அதைக் கலைத்தார். பிறந்த நாட்டுக்குள்ளேயே அகதிபோல வர நேர்ந்தவர்கள் இவர்கள். எங்களுக்குக் கதவைத் திறந்துவிட்டவர்களும் இவர்களே. இந்தியர்கள் பெருமளவில் அமெரிக்கா வர வழிசெய்த 1965 குடிவரவுச் சட்டம், கறுப்பின மக்கள் தெருவில் இறங்கி அடிபட்டுப் பெற்ற சிவில் உரிமைகளின் காலத்தில், அந்த எழுச்சியின் வேகத்தில் வந்தது. நான் டயாலிசிஸ் மிஷின் முன்னால் நிற்கும் அந்த இடத்துக்கு எனக்கு முன்பே யாரோ விலை கொடுத்திருந்தார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை மகள் வான்கோழிப் பகுதிக்கு வந்தார்.

ஐடா மேயின் கணவருடைய உறவுக்காரன் ஜோ லீ. பண்ணை முதலாளி வீட்டு வான்கோழிகள் காணாமல் போயின. ஜோ லீதான் திருடினான் என்று ராத்திரி இழுத்துப்போய்ச் சங்கிலியால் அடித்தார்கள். ரத்தம் காய்ந்து துணி உடம்போடு ஒட்டிக்கொண்டது. வான்கோழிகள் பிறகு தாமாகவே திரும்பி வந்தன. ஐடா மேயின் கணவர் சண்டைக்குப் போகவில்லை. பருத்தி எடுப்பு முடிந்து கணக்குத் தீர்ந்ததும் இந்த ஊரை விட்டுக் கிளம்புவது என்று முடிவெடுத்தார்.

நான் அப்போது பக்கத்து நாற்காலியில் ஒருவருக்கு ஊசி எடுத்து, துளையில் பஞ்சை அழுத்திப் பிடித்திருந்தேன். பத்து நிமிடம் அழுத்த வேண்டும், அசையக் கூடாது. அந்தப் பத்து நிமிடமும் என் கண்ணுக்கு முன்னால் எங்கள் வீட்டு வாசல்தான் இருந்தது.

1986 மார்கழி. நான் ஏழாம் வகுப்பு. எங்கள் வயலில் வேலை செய்தவரின் மகனும் அதே வகுப்பு, என்னைவிட ஒரு வயது மூத்தவன். பள்ளிக்கூடத்தில் எல்லாரும் எல்லாரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவோம். ஒருநாள் என் கணக்கு நோட்டை வாங்கிப் போனவன், சாயங்காலம் திருப்பிக் கொடுக்க வந்தான். சேரியிலிருந்து வருகிறவர்கள் கொல்லைப்பக்கமாக வந்து நிற்க வேண்டும், என்னை "சின்னம்மா" என்று அழைக்க வேண்டும். அவன் வாசலுக்கு வந்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். இரண்டாவது முறை கூப்பிடும்போது சித்தப்பா வெளியே வந்தார்.

மாட்டுக் கயிற்றால் அடித்தார். நான் திண்ணைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "ஸ்கூல்ல நாங்க பேர் சொல்லித்தான் கூப்பிட்டுப்போம் சித்தப்பா" என்று ஒரு வார்த்தை போதும். நான் சொல்லவில்லை. நோட்டு மண்ணில் கிடந்தது. அன்று இருட்டியதும் அவனுடைய அப்பா வந்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, பையன் செய்ததற்கு மன்னிப்புக் கேட்டார். எங்கள் தாத்தாவைவிட மூத்தவர் அவர். நாங்கள் குழந்தைகள்கூட அவரை "வா, போ" என்றுதான் சொல்வோம். அவருக்கு ஒரு முழுப்பெயர் இருந்திருக்கும். எங்கள் வீட்டில் அதன் முதல் பாதிதான் புழங்கியது.

தை அறுப்பு முடிந்தது. மாசியில் ஒருநாள் விடிந்தபோது அவர்கள் குடிசை காலி. "வாங்குன கடனக்கூட தீக்காம ஓடிட்டான்" என்றார் பாட்டி. வீட்டில் எல்லாரும் அதையே சொன்னார்கள், நானும் நம்பினேன். அடித்ததையும் அவர்கள் போனதையும் சேர்த்துப் பார்க்க இருபத்தைந்து வருடமாக எனக்குத் தோன்றவேயில்லை. எங்கள் பகுதியில், 1968 டிசம்பர் 25 அன்று, கூலி உயர்வு கேட்ட கீழவெண்மணியில் 44 பேரை ஒரு குடிசையில் வைத்து எரித்தார்கள். அது எல்லாருக்கும் தெரியும். அதைப் பேசும்போது நாங்கள் "அது வேற ஊர், வேற மிராசு" என்போம். எங்கள் வாசலில் நடந்ததற்குப் பெயரே கிடையாது.

பஞ்சைப் பிரித்து ரத்தம் நின்றுவிட்டதா என்று பார்த்தேன். அம்மையார் என்னைக் கவனித்திருக்கிறார். "என்ன பேபி, முகம் ஒரு மாதிரி இருக்கிறது?" என்றார். நான் அவரிடம் சொன்னேன், முழுவதையும். அவர் என்னைத் தேற்றவும் இல்லை, திட்டவும் இல்லை. "அந்தப் பையன் எங்கே இருக்கிறான்?" என்று மட்டும் கேட்டார். தெரியாது என்றேன். "தேடியிருக்கிறாயா?" இல்லை என்றேன். 2014-ல் அவர் இறந்தார். அந்தக் கேள்வி என்னிடம் தங்கிவிட்டது.

எங்கள் தொழிலிலும் இனத்தைப் பிரிக்கும் ஒரு கோடு இருந்தது. சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று ரத்தத்தில் உள்ள கிரியேட்டினினை வைத்துக் கணக்கிடும் சூத்திரம் ஒன்று உண்டு. 1999-லும் 2009-லும் வந்த சூத்திரங்களில், நோயாளி கறுப்பினத்தவர் என்றால் விடையை ஓர் எண்ணால் பெருக்குவார்கள். அதனால் அவர்களுடைய சிறுநீரகம் உள்ளதைவிட நன்றாக இருப்பதுபோல் காகிதத்தில் தெரியும், மாற்றுச் சிறுநீரகத்துக்கான வரிசையில் சேர்வது தாமதமாகும். அமெரிக்காவில் வெள்ளையரைவிடக் கறுப்பின மக்களுக்குச் சிறுநீரகச் செயலிழப்பு மூன்று மடங்குக்கு மேல். ஆனால் சூத்திரம் அவர்களைக் காத்திருக்கச் சொன்னது. தினமும் அந்த அறிக்கைகளைக் கையில் வாங்கியவள் நான். இனம் என்பது மனிதர் வகுத்த ஏற்பாடு, உடம்பில் எழுதப்பட்டதல்ல என்று வில்கர்சனைப் படித்துத் தலையாட்டிவிட்டு, மறுநாள் காலை அதை உடம்பின் எண்ணாகவே வாசித்திருக்கிறேன். 2021-ல் அந்தப் பெருக்கலை எடுத்துவிட்டார்கள். 2023-ல், அதனால் வரிசையில் பின்தங்கியவர்களுக்கு இழந்த காலத்தைத் திருப்பித் தரும்படி மாற்று உறுப்பு மையங்களுக்கு உத்தரவு வந்தது. அம்மையாருக்கு அது உதவாது.

2020 ஆகஸ்டில் வில்கர்சனின் இரண்டாவது புத்தகம் வந்தது. தலைப்பு 'காஸ்ட்'. சாதி. கொரோனா முதல் அலையில் எங்கள் மையத்து நோயாளிகள் பலரைப் பறிகொடுத்திருந்தோம். டயாலிசிஸ் நோயாளி வீட்டில் இருக்க முடியாது, வாரம் மூன்று நாள் வந்தே ஆக வேண்டும். அந்தக் களைப்போடு ராத்திரிகளில் படித்தேன்.

அமெரிக்காவின் இனப் பாகுபாட்டை அவர் சாதி என்கிறார். தோலின் நிறம் வெளியே தெரியும் அடையாளம், உள்ளே எலும்பாக இருப்பது சாதி என்பது அவர் வாதம். இந்தியா, நாஜி ஜெர்மனி, அமெரிக்கா மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார். இந்தச் சொல்லை முதலில் பயன்படுத்தியவர் அவரில்லை. 1930-களில் மிசிசிப்பியின் நாட்செஸ் ஊருக்கு ஒரு கறுப்பினத் தம்பதியும் ஒரு வெள்ளைத் தம்பதியும் ஆய்வுக்குப் போனார்கள். நால்வரும் ஒரே குழு என்று ஊருக்குத் தெரிந்தால் உயிருக்கு ஆபத்து. காரில் ஊருக்கு வெளியே போய்த்தான் பேசிக்கொள்வார்கள். 1941-ல் வெளிவந்த 'டீப் சவுத்' என்ற அவர்கள் நூல், சாதி என்ற சொல்லாலேயே அந்த ஊரை விளக்கியது. அந்தக் கறுப்பின அறிஞர் ஆலிசன் டேவிஸ் பின்னர் சிகாகோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். என் மையத்திலிருந்து பஸ்ஸில் போகும் தூரம். இத்தனை வருடம் அந்தக் கட்டடங்களைக் கடந்து போயும் அவர் பெயர் எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

அம்பேத்கர் 1946-ல் அமெரிக்கக் கறுப்பினச் சிந்தனையாளர் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். இரண்டு மக்களின் நிலையும் ஒத்திருக்கிறது என்று சொல்லி, ஐ.நா.வுக்கு அமெரிக்கக் கறுப்பின மக்கள் தரப்பில் கொடுத்த மனுவின் பிரதியைக் கேட்டார். டுபாய்ஸ் பரிவோடு பதில் எழுதினார். ஆக, வில்கர்சன் கட்டியது புதுப்பாலம் அல்ல, பெரும்பாலோர் நடக்காமல் விட்ட பாலம்.

என்னை உட்கார வைத்தது 'காஸ்ட்' புத்தகத்தில் வரும் வேறொரு கதை. 1970-களில் டெக்சாஸில் ஒரு தகப்பன் தன் மகளுக்கு 'மிஸ்' என்றே பெயர் வைத்தார். அதுதான் அவளுடைய முதல் பெயர். எந்த வெள்ளைக்காரர் அவளைக் கூப்பிட்டாலும் மரியாதை கொடுத்தே ஆக வேண்டும் என்பதற்காக. உண்மையான பெயர் என்ன என்று பள்ளித் தலைமையாசிரியர் குடைந்து கேட்டாராம். இதற்கெல்லாம் முன்பு, அலபாமாவில் மேரி ஹாமில்டன் என்ற பெண் நீதிமன்றக் கூண்டில் தன்னை வெறும் "மேரி" என்று அழைத்த வழக்கறிஞருக்குப் பதில் சொல்ல மறுத்தார். "மிஸ் ஹாமில்டன்" என்றால்தான் பதில். சிறைத் தண்டனையும் அபராதமும் விதித்தார்கள். 1964-ல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது.

ஆங்கிலத்தில் 'யூ' ஒன்றுதான். அதனால் மரியாதையையும் அவமரியாதையையும் பெயருக்கு முன்னால் வைத்தார்கள். தமிழில் ஒவ்வொரு வினைச்சொல்லின் வாலிலும் அது உட்கார்ந்திருக்கிறது. வந்தான், வந்தார், வா, வாங்க. வாயைத் திறந்தாலே யார் மேல், யார் கீழ் என்று சொல்லிவிடுகிறோம். அம்மையாரின் தாய்க்கு ஆறு வயதுக் குழந்தையிடமிருந்து கிடைத்ததை, எங்கள் வயலில் வேலை செய்த பெரியவருக்கு நான் ஆறு வயதில் கொடுத்திருக்கிறேன்.

அந்தப் புத்தகத்தைப் பற்றிப் பேச நண்பர்கள் சிலர் ஒரு சனிக்கிழமை கூடினோம், எல்லாரும் தமிழர்கள். "நம்மை ஏன் நாஜிகளோடு சேர்க்கிறார்? இங்கே நாமும்தானே நிறத்தால் அவமானப்படுகிறோம்?" என்று ஒருவர் உண்மையான வருத்தத்தோடு கேட்டார். நான் பகத்சிங் திண்ட் வழக்கைச் சொன்னேன், வில்கர்சனும் அதை எழுதியிருக்கிறார். 1923-ல் அந்தப் பஞ்சாபி இளைஞரின் குடியுரிமை வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. இனம் என்ற வேலியே தவறு என்று அவர் வாதாடவில்லை. நான் உயர்சாதி ஆரியன், ஆகவே வெள்ளையன் என்று வாதாடினார். நீதிமன்றம் மறுத்தது. ஏற்கெனவே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர்கள் பலரும் அதை இழந்தார்கள். வெளிநாட்டுக்கு வந்த இடத்திலும் நாம் முதலில் பெட்டியிலிருந்து எடுத்து நீட்டிய சான்றிதழ் சாதிதான் என்று சொன்னேன். அறையில் சிறிது நேரம் பேச்சில்லை.

எனக்கு அந்தப் புத்தகத்தின் மேல் ஒரு குறை உண்டு. இரண்டு நாட்டு ஏற்பாடுகளுக்கும் உள்ள முக்கிய வேறுபாடுகளை அது தாண்டிப் போகிறது என்று மானிடவியலாளர் அர்ஜுன் அப்பாதுரை எழுதினார். என் குறை அதைவிடச் சின்னது. முதல் புத்தகத்தில் ஐடா மேயின் பருத்தி மூட்டையின் பாரம் என் தோளில் ஏறியது. இரண்டாவதில் வரும் இந்தியாவை ஆசிரியர் பெரும்பாலும் கருத்தரங்குகளிலும் அறிஞர்களிடமும் சந்திக்கிறார். அங்கே ஐடா மே இல்லை, சேரியிலிருந்து ராத்திரியில் கிளம்பிய குடும்பம் இல்லை. ஆனால் அதை எழுத வேண்டியது வில்கர்சனா? 1992-ல் பாமா 'கருக்கு' எழுதியதிலிருந்து அனுபவித்தவர்கள் தமிழில் எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்கள். எழுத வேண்டிய மறுபாதி திண்ணையில் நின்றவர்களிடம் இருக்கிறது. வில்கர்சனின் இரண்டு புத்தகங்களும் எனக்கு ஒரே புத்தகம். ஏன் கிளம்பினார்கள் என்று முதல் புத்தகம் கிளம்பியவர்களைக் கேட்டது. அவர்களைக் கிளப்பியது எது என்று இரண்டாவது என்னைக் கேட்டது.

2023 பிப்ரவரியில் ஊருக்குப் போனேன். அந்த மாதம்தான் சியாட்டில் நகர மன்றம், பாகுபாடு கூடாத அடையாளங்களின் பட்டியலில் சாதியையும் சேர்த்தது. அம்மாவிடம் அந்தப் பெரியவரின் முழுப்பெயரைக் கேட்டேன். தெரியவில்லை. தாத்தாவின் பழைய நெல் கணக்கு நோட்டைப் புரட்டினோம். கூலி அளந்த கணக்கில் மரக்கால் எண்ணிக்கைக்கு எதிரே பாதிப் பெயர்தான் இருந்தது. பழைய வகுப்புத் தோழி ஒருத்தி வழியாக அவர் மகனின் திருப்பூர் போன் எண் கிடைத்தது.

அந்தப் பையனுக்கு அப்போது ஐம்பது வயது. பனியன் கம்பெனியில் எடுபிடியாகச் சேர்ந்து, கட்டிங் மாஸ்டராகி, வீட்டு மாடியில் எட்டு மிஷின் போட்டு ஜாப் ஒர்க் செய்துகொண்டிருந்தார். போனில் பெயரைச் சொன்னதும் மறுமுனை கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது. பிறகு "வாங்க" என்றார்.

அறை முழுக்கத் துணிப் பஞ்சு பறந்தது. நாற்காலியில் இருந்த துணிக்கட்டை எடுத்து வைத்து உட்காரச் சொன்னார். நான் அன்று பேசாமல் நின்றதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் கையை அசைத்து அதை ஒதுக்கவும் இல்லை, ஏற்கவும் இல்லை. "நீங்க சின்னப் புள்ள. நானும் சின்னப் புள்ளதான்" என்றார்.

"நீங்க எல்லாரும் ராத்திரியோட ராத்திரியா ஓடிட்டதா எங்க வீட்ல சொன்னாங்க" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "ஓடலீங்க. அன்னிக்கி அடிச்சாங்கள்ல, அப்பவே அப்பா முடிவு பண்ணிட்டாரு. அறுப்பு முடியட்டும்னு இருந்தாரு. கூலி அளந்ததும் கடைசி பஸ்ஸப் புடிச்சு திருச்சி வந்தோம். அங்கேருந்து இங்க. எல்லாருக்கும் டிக்கெட் எடுத்துத்தான் வந்தோம்."

மிசிசிப்பியில் ஒருவர் பருத்தி எடுப்பு முடியக் காத்திருந்தார். எங்கள் ஊரில் ஒருவர் நெல் அறுப்பு முடியக் காத்திருந்தார்.

கிளம்பும்போது என்னைப் பெயர் சொல்லியே கூப்பிடும்படி கேட்டேன். யோசித்தார். "அது வராதுங்க. அந்தப் பழக்கம் அன்னிக்கே போயிடுச்சு" என்றார். பிறகு, "நர்ஸுன்னு சொன்னீங்கள்ல, சிஸ்டர்னு கூப்புடுறேன்" என்றார். என்னை எப்படி அழைப்பது என்று அவர் முடிவு செய்துவிட்டார். அன்று அம்மையார் "மிஸஸ்" என்று சொன்னதும் நான் கேட்டுக்கொண்டதுபோல இதையும் கேட்டுக்கொண்டேன்.

சுவரில் பெரியவரின் படம் இருந்தது. சந்தன மாலை, சின்ன பல்பு. கீழே தலைப்பெழுத்தோடு முழுப்பெயர், தோற்றம், மறைவு. நான் அந்தப் பெயரை ஒருமுறை வாய்விட்டுப் படித்தேன். நாலு எழுத்து எங்கள் வீட்டில் விடுபட்டிருந்தது.

ராத்திரி அம்மா போனில் கேட்டார்: "பாத்தியா? என்ன சொன்னான்? ஏன் ஓடுனாங்களாம்?"

"ஓடலம்மா" என்றேன். "பஸ்ஸுல போனாங்க. அவர் பேரு சொல்றேன், நோட்டுல எழுதிக்கங்க."